சிறுவீட்டுப் பொங்கல்

பண்டிகைகளிலும் பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற வேற்றுமை உண்டு. தீபாவளியும் தைப் பொங்கலும் பெரிய மனிதர்கள். அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஜவுளிக் கடைக்காரர் கட்டியம் கூறிவிடுவார். ரயிலில் இடம் கிடைக்காது. பத்திரிகைகள் மலர் போடும். சர்க்கார் விடுமுறை விடும். சின்ன மனிதர்களுக்கு இந்த ஆடம்பரமெல்லாம் கிடையாது. புழைக்கடை வழியாக உள்ளே வந்து, குழந்தைகளோடு உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசி, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்காரருக்கு அவர்கள் வந்து போனதே தெரியாது. ஆனால் ஐம்பது வருஷம் கழித்து அந்தக் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். பெரிய மனிதர் எடுத்துக் கொடுத்த சட்டை மறந்து போயிருக்கும், சின்ன மனிதர் வந்த நாள் மறந்திராது.

நான் சொல்லப் போவது அப்படிப்பட்ட ஒரு சின்ன மனிதரைப் பற்றி. திருநெல்வேலிச் சீமை என்று பழைய பெயரால் சொல்லப்படும் பகுதியில், அதாவது இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும், அவருக்குச் சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "வீட்டுப் பொங்கல் தெரியும், மாட்டுப் பொங்கல் தெரியும், அதென்ன சிறுவீட்டுப் பொங்கல்?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெரிய கோயிலில் இதற்கு வேலை இல்லை. புரோகிதருக்கும் வேலை இல்லை. இன்ன தேதி என்ற நிர்ணயம்கூட இல்லை. தை பிறந்த பிறகு அந்த மாதத்துக்குள் வசதிப்பட்ட ஒரு நாள்; அவ்வளவுதான். நடத்துகிறவர்கள் சிறு பெண்கள். பெரியவர்கள் கூடமாட உதவி செய்யலாம். அதிகாரம் செய்யக் கூடாது.

பண்டிகை தையில் வந்தாலும் அதன் வேலை மார்கழி முதல் தேதியே ஆரம்பித்துவிடும். முன்பனிக் காலம். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, கோலத்தின் நடுவே சாணத்தைப் பிடித்து வைத்து, அதன் தலையில் ஒரு பூசணிப் பூவைச் செருகுவார்கள். சாம்பல் நிறமான அந்த விடியற்காலையில் தெரு நெடுக மஞ்சள் பூக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளிலும் இந்தப் பூவைப் பார்க்கலாம். ஆனால் மற்ற இடங்களில் பூவின் கதை அந்தக் காலையோடு முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் அப்போதுதான் அது தொடங்கும். சாயங்காலம் பூவையும் சாணத்தையும் சேர்த்துச் சிறிய எருவாகத் தட்டிச் சுவரில் அப்பிக் காய வைப்பார்கள். நாளுக்குச் சில பூக்களாக, மாதம் முடியும்போது சுவர் நிறையப் பூ எரு இருக்கும். என் அக்காள்மார் இருவரும் இரவில் படுக்கப் போகுமுன் அதை எண்ணிப் பார்ப்பார்கள். அடுத்த வீட்டுச் சுவரையும் எண்ணிவிட்டு வருவார்கள். பூசணிக் கொடி வைத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்கு அந்த ஒரு மாதம் இருந்த செல்வாக்கு, பஞ்சாயத்துத் தலைவருக்கும் கிடையாது.

தைப் பொங்கல் கழிந்த பிறகு முற்றத்தில் சிறுவீடு எழும்பும். செம்மண்ணையும் களிமண்ணையும் குழைத்து ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் வைப்பார்கள். தலைவாசல், பட்டாசாலை, அடுப்பங்கரை, நெல் வைக்கும் அறை, பின்புறத்தில் கிணறு என்று எல்லாம் உண்டு. சுவருக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசி, வாசலில் கோலமும் போடுவார்கள். மண் குழைக்க நேரமில்லாத வீட்டில் அரிசி மாவினால் தரையில் வீட்டை வரைந்து காவிக் கரை கட்டிவிட்டாலும் போதும். நாங்கள் பையன்கள் மண் சுமந்து கொடுத்த பிறகு விரட்டப்படுவோம். வீட்டுக்கு முன்னால் சிறிய அடுப்புக் கட்டிகள், அவற்றின்மேல் சிறிய பானை, எரிப்பதற்குப் பனையோலை. பால் பொங்கும்போது பெரியவர்கள் குலவையிடுவார்கள். சிறு பெண்களும் குலவையிட முயன்று, இருமிக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு அந்தப் பொங்கலை எல்லோருக்கும் பகிர்வார்கள். சாயங்காலம் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த பூ எருக்களையும் கொஞ்சம் பொங்கலையும் வெற்றிலை பாக்கையும் எடுத்துக்கொண்டு தாமிரபரணிக்குப் போய், இலையில் வைத்துச் சூடம் ஏற்றித் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். ஒரு மாதத்துப் பூக்களெல்லாம் சின்னச் சின்ன விளக்குகளாக ஆற்றோடு போகும்.

வீடு என்ன ஆகும் என்று கேட்கலாம். மறுநாள் காலையில் ஆச்சி முற்றத்தை மெழுகுவாள். சிறுவீடும் மெழுகலோடு மெழுகலாகிவிடும்.

இந்த விளையாட்டுக்குச் சரித்திரம் உண்டா? சரித்திரம் என்றால் நமக்கு முதலில் கல்வெட்டுத்தான் ஞாபகம் வரும். கல்வெட்டுக்குக் கணக்குத் தெரியும். எந்த விளக்குக்கு எத்தனை ஆடு, எந்தத் திருநாளுக்கு எத்தனை கலம் நெல் என்று அது சொல்லும். பெண்களின் வீடுகளைப் பற்றிக்கூடக் கல்வெட்டு பேசியிருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்காகக் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு யாருக்கு என்று பெயர் பெயராக அங்கே எழுதியிருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் வருகிற பங்கும் உண்டு. தமிழ்ப் பெண்களின் வீட்டு விலாசம் இவ்வளவு விவரமாகக் கல்லில் ஏறியது அபூர்வம். அவை கோயிலுக்கு வேண்டிய வீடுகள். அதனால் கல்லில் ஏறின. ஒரு குடியானவன் மகள் முற்றத்தில் கட்டிய வீட்டுக்கு யாரும் நிவந்தம் எழுதி வைக்க வேண்டியதில்லை. அதற்கு வரியும் இல்லை. ஆகவே அதைக் கல்லில் தேடாமல் பாட்டில் தேட வேண்டும்.

பாட்டில் அது தாராளமாகக் கிடைக்கிறது. சங்கப் புலவர்கள் அதைச் சிற்றில் என்றார்கள். சிற்றிலில் சமைப்பது சிறுசோறு. அகநானூற்றின் 110-ஆம் பாட்டைப் போந்தைப் பசலையார் பாடியிருக்கிறார். கடற்கரைச் சோலையில் சிறு பெண்கள் சிற்றில் கட்டிச் சிறுசோறு குவித்து விளையாடிக் களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது அந்நியன் ஒருவன் வருகிறான். பொழுது போய்விட்டது, நான் மிகவும் களைத்திருக்கிறேன், இந்த இலையில் சாப்பிட்டுவிட்டு உங்கள் ஊரில் தங்கினால் என்ன என்று கேட்கிறான். பெண்கள் தலை கவிழ்ந்து, இது உமக்கு ஏற்ற சாப்பாடு அல்ல, மீன் சாப்பாடு என்று மெல்லச் சொல்லிவிட்டு, படகு பார்க்கப் போவதுபோல் ஓடிவிடுகிறார்கள். காதல் கதையின் ஆரம்பம் இது. ஆனால் அந்தச் சிறு பெண்களின் பக்கமிருந்து பார்த்தால் இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. விளையாட்டு வீடாக இருந்தாலும் வாசலில் விருந்தாளி வந்து நின்றுவிட்டான். வீட்டுக்காரிக்குரிய பதிலை அவர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டைக் கட்டிய மாத்திரத்தில் வீட்டுக்காரியின் மரியாதையும் சங்கடமும் சேர்ந்தே வந்துவிட்டன.

கலித்தொகையின் 51-ஆம் பாட்டு இன்னும் பிரசித்தம். கபிலர் பாடியது. தெருவில் நாம் கட்டிய மணல் வீட்டைக் காலால் உதைத்துவிட்டு, தலையில் வைத்திருந்த பூவை அறுத்து, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவானே ஒரு போக்கிரி, அவன் ஒருநாள் தண்ணீர் கேட்டு வந்தான் என்று தோழியிடம் ஒரு பெண் சொல்லுகிறாள். அவன் கையைப் பிடித்ததும், அவள் கூச்சலிட்டதும், தாய் ஓடிவந்ததும், தண்ணீர் விக்கிற்று என்று அவள் சமாளித்ததும் தமிழ் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். அதே கலித்தொகையில் 59-ஆம் பாட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் ஒரு பெண்ணின் பொம்மை விளையாட்டையும், சிறுசோற்றையும், தை மாதத்து நீராட்டையும் ஒருவன் ஒரே மூச்சில் எடுத்துச் சொல்லுகிறான். பொம்மை, சிறுசோறு, தை நீராட்டு. என் அக்காள்மாரின் தை மாதத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று வாசகர்களே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நீராட்டைப் பரிபாடலின் 11-ஆம் பாட்டு விரிவாகச் சொல்லுகிறது. வையையில் பனி வாடை வீசும் காலம். நோன்பின் முறை தெரிந்த மூத்த பெண்கள் வழி காட்ட, கன்னிப் பெண்கள் தாய்மார் அருகில் நின்று நீராடுகிறார்கள். அந்தப் பாட்டில் நீராட்டு மார்கழித் திருவாதிரையில் தொடங்குகிறது, பெயரோ தைந்நீராடல். பிற்காலத்தில் ஆண்டாளும் மாணிக்கவாசகரும் பாடிய பாவைப் பாட்டுகள் மார்கழிக்கு உரியவை ஆயின. மார்கழியா, தையா என்பது ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய வழக்கு. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து தைப் பௌர்ணமி வரை உள்ள காலத்தைத் தை என்று எண்ணினால் இரண்டும் ஒன்றுதான் என்பது அவர்களில் சிலர் கூறும் சமாதானம். சமாதானம் சரியோ தவறோ, எங்கள் ஊர்ச் சிறு பெண்களுக்கு இந்த வழக்கே கிடையாது. மார்கழியில் பூ வைத்துத் தையில் ஆற்றில் விடுகிறார்கள். இரண்டு மாதத்தையும் ஒரே நோன்பாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிற கைகள் அவை.

கலித்தொகையைச் சி. வை. தாமோதரம் பிள்ளை அச்சுப் போட்டது 1887-ல். பரிபாடலை உ. வே. சாமிநாதையர் வெளியிட்டது 1918-ல். அதற்கு முன் இந்த நூல்கள் ஏட்டுச் சுவடியில், ஒருசில வித்வான்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. என் ஆச்சி 1918-க்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் சிறுவீடு கட்டியிருக்கிறாள். அவளுக்கு எழுத்தே தெரியாது. அவள் கையிலிருந்த சிறுவீடு புத்தகத்திலிருந்து வந்ததல்ல. பெரிய பெண் சின்னப் பெண்ணுக்குச் சொல்லி, அவள் தனக்கு அடுத்தவளுக்குச் சொல்லி வந்தது அது. விளையாட்டு விஷயத்தில் குழந்தைகளைப் போன்ற கறாரான சம்பிரதாயவாதிகள் உலகத்தில் கிடையாது. போன வருஷம் கிணறு வைத்தோம் என்றால் இந்த வருஷமும் கிணறு வைத்தே தீர வேண்டும்.

ஒரு சிறிய எச்சரிக்கை. திருப்பாவையின் எட்டாவது பாட்டில் சிறுவீடு என்ற சொல்லே வருகிறது. அதைக் கண்டு ஆதாரம் அகப்பட்டுவிட்டது என்று துள்ளக் கூடாது. அங்கே அதற்கு வேறு பொருள். விடியற்காலையில் பனிப்புல் மேய எருமைகளைக் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுவது. நமக்கு வேண்டிய சிறுவீடு ஆண்டாளிடம் இருக்கிறது. ஆனால் நாச்சியார் திருமொழியின் இரண்டாவது பதிகத்தில் இருக்கிறது.

அந்தப் பதிகம் முழுவதும் கண்ணனிடம் ஒரே மன்றாட்டு: எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே. வெள்ளை மணலைத் தெள்ளி எடுத்தது, தெருவில் அதைச் சித்திரம்போல் அமைத்தது, பொழுதெல்லாம் குனிந்திருந்ததில் முதுகு நொந்தது என்று கட்டியவர்களின் கஷ்டமெல்லாம் அங்கே பேசப்படுகிறது. பக்தியை அறிந்தவர்கள் இதற்கு ஆழ்ந்த பொருள் சொல்வார்கள். எனக்கு அதில் ஆட்சேபமில்லை. ஆனால் மணல் வீடு கட்டி முதுகு நொந்த ஒருத்திதான் அந்தப் பாட்டைப் பாடியிருக்க முடியும் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைத்தமிழில் இது ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் ஒன்று. பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழிலும் உண்டு. குமரகுருபரர் புள்ளிருக்குவேளூர் முருகன்மேல் பாடியதிலும் உண்டு. அங்கெல்லாம் சிறுமிகள் வீடு கட்டுவார்கள், ஆண் குழந்தை உதைக்க வருவான், அவர்கள் கெஞ்சுவார்கள். பெண்பால் பிள்ளைத்தமிழில் இந்தப் பருவம் கிடையாது. அங்கே பெண் குழந்தைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் உண்டு. வீடு கட்டும் பருவம் இல்லை. தமிழ் இலக்கணத்தில் சிற்றில் என்பது பையன் இடிக்கும் பருவமே ஒழிய, பெண் கட்டும் பருவம் அல்ல! கட்டினவள் பாட்டில் வருகிறாள். பருவத்தின் சொந்தக்காரன் இடித்தவன். அழகான பாட்டுக்கள்தாம். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துச் சமாசாரம் ஒன்று அந்த அழகுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

என் மகள் இதை என்னைவிடத் தெளிவாகக் கண்டுகொண்டாள். அவள் சென்னையில் எட்டாவது மாடியில் குடியிருக்கிறாள். ஏழு வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். நான் ஒரு தையில் அங்கே போயிருந்தபோது, குழந்தைகளோடு சிறுவீட்டுப் பொங்கல் நடத்தலாம் என்றேன். அவள் யோசித்தாள்.

"பெண் குழந்தைக்குச் சின்ன வயசிலேயே அடுப்பூதப் பழக்குகிற பண்டிகைதானே அப்பா இது? எதற்கு?" என்றாள்.

கேள்வி நியாயமானது. பழைய பாட்டுகளை அடுக்கி இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஆகவே வீட்டுக் கதையைச் சொன்னேன்.

என் ஆச்சிக்குப் பதினோராவது வயதில் கல்யாணம். சாரதா சட்டம் 1929-ல்தான் வந்தது. பெண்ணின் கல்யாண வயதுக்கு அது வைத்த வரம்பே 14. அது 15 ஆனது 1949-ல். 18 ஆனது 1978-ல். ஆச்சி பத்து வயதில் தகப்பன் வீட்டு முற்றத்தில் சிறுவீடு கட்டினாள். பன்னிரண்டு வயதில் மாமியார் வீட்டு முற்றத்தை மெழுகினாள். கல்யாணமான பெண் சிறுவீடு கட்டுவது வழக்கமில்லை. "போன வருசம் வரை எனக்கு ஒரு வீடு இருந்துது. அப்புறம் எல்லாம் அவுக வீடுதான்" என்று அவள் சொல்லுவாள். வேடிக்கையாகத்தான் சொல்லுவாள்.

அவள் மகள், என் அத்தை. தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் பிறந்து, பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள். தாத்தா 1958-ல் உயில் எழுதாமல் காலமானார். இரண்டு வருஷம் முன்பு, 1956-ல், இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்திருந்தது. மகனைப் போலவே மகளுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு என்றது அது. பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அதில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடு என்று பெண் வாரிசு கேட்க முடியாது; ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே குடியிருக்கும் உரிமைகூட, கல்யாணமாகாத மகளுக்கு உண்டு. கணவனை இழந்தவளுக்கும், கைவிடப்பட்டவளுக்கும், பிரிந்து வந்தவளுக்கும் உண்டு. கணவனோடு வாழ்கிற மகளுக்குக் கிடையாது. நிலம், நகை, ரொக்கம் எல்லாவற்றிலும் பங்கு கொடுத்த சட்டம், வீட்டு வாசலில் வந்ததும் நின்றுவிட்டது.

அத்தை ஒவ்வொரு தையிலும் வருவாள். பொங்கல்படி வாங்கிக்கொண்டு, நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள். அக்காள்மார் மண் குழைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "ஏட்டி, உங்க வீட்டிலெ எனக்கு ஒரு அறை உண்டா?" என்று கேட்பாள்.

"உண்டு அத்தை. எது வேணும்?"

"கிணத்தடிப் பக்கமா ஒண்ணு குடுங்க. காத்து வரும்."

அவர்கள் ஒரு சுவரை உடைத்து இன்னோர் அறை சேர்ப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். என் தகப்பனாரும் பெரியப்பாவும் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டு சிரிப்பார்கள். பெரிய வீட்டைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்கவும் வழியில்லை.

தமிழர் வழக்கமே இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். சீதனத்தைப் பற்றிய விதிகள் உட்பட அவர்களுடைய வழக்கங்களை டச்சுக்காரர்கள் 1707-ல் தேசவழமை என்று எழுதி வாங்கினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பெண்ணோடு போன வீடு, இந்தப் பக்கத்தில் ஆணோடு நின்றுவிட்டது.

தமிழ்நாடு 1989-ல் ஒரு படி முன்னே போயிற்று. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப்போல மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று சட்டம் செய்தது. ஆனால் அதற்குள் கல்யாணமாகியிருந்த பெண்களுக்கு அது பொருந்தாது என்றது. என் அக்காள்மார் இருவரும் அந்த வரியில் வெளியே நின்றார்கள். 2005-ல் நாடு முழுவதற்கும் மகளின் பங்கு வந்தது. அதே திருத்தத்தில், குடியிருக்கும் வீட்டின் வாசலை அடைத்து நின்ற 23-ஆவது பிரிவும் நீக்கப்பட்டது. இடிந்த சிற்றில்களைப் பற்றி இரண்டாயிரம் வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தோம். பெண்ணுக்கு வீடு என்று ஏட்டில் எழுத 2005 வரை ஆயிற்று. அத்தை அதைப் பார்க்க இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மகள் சொன்னாள்: "அப்படியானால் சமையலை விட்டுவிட்டு, வீட்டை வைத்துக்கொள்வோம்."

"சமையலையும் விட வேண்டாம். யார் சமைக்கிறார்கள் என்பதை மாத்திரம் மாற்றிக்கொள்வோம்" என்றேன் நான்.

எட்டாவது மாடியில் முற்றம் ஏது? பால்கனியில் ஒரு பெரிய தாம்பாளத்தை வைத்தோம். செடி விற்கிறவரிடம் களிமண் வாங்கினோம். சாணத்துக்குத்தான் திண்டாட்டம். அதைக் காகிதத்தில் சுற்றி, விலை போட்டு, வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்! கொண்டுவந்த பையனிடம் பேத்தி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். பூசணிப் பூவுக்குக் கோயம்பேடு வரை போக வேண்டியிருந்தது. பேத்தி மேஸ்திரி, பேரன் சித்தாள். எங்கள் காலத்தைப் போல அவனை யாரும் விரட்டவில்லை. லிப்டு வேண்டும் என்றாள் அவள். கைபேசிக்கு மின்சாரம் ஏற்றுகிற இடம் வேண்டும் என்றான் இவன். கிணறு வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "கிணறு என்றால் எவ்வளவு பெரிது தாத்தா?" என்று கேட்டார்கள். சிறிய மின்சார அடுப்பில் பேரன் அரிசி போட்டான். பால் பொங்கியபோது குலவையும் அவனே இட்டான். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அங்கிருந்த வேற்றுமொழிக்காரப் பெண்ணும் அவள் குழந்தையும் வந்து சாப்பிட்டார்கள். போந்தைப் பசலையாரின் சிற்றிலுக்கு வந்ததைப் போல இதற்கும் ஒரு விருந்தாளி கிடைத்தது.

பூ எருவை விட ஆறு வேண்டுமே என்ற கேள்வி வந்தது. சென்னையில் இருக்கிற ஆறுகளை நினைத்து நாங்கள் தயங்கினோம். கடைசியில் பூ எருக்களைத் தண்ணீரில் ஊற வைத்து, பால்கனியில் இருந்த மண் தொட்டியில் கரைத்து ஊற்றி, அதில் இரண்டு பூசணி விதையைப் போட்டோம். எரு என்பது வயலுக்குப் போக வேண்டியதுதானே! விதை முளைத்துக் கொடி வீசியது. மார்கழியில் பூக்கும் வகையா என்று மகள் கேட்டு எழுதியிருக்கிறாள்.

சிறு பெண்களின் விளையாட்டு என்று எண்ணி எந்த அரசனும் இதைக் கல்லில் வெட்டவில்லை. எந்தச் சர்க்காரும் இதற்கு விடுமுறை விடவில்லை. அதனால் ஒரு லாபமும் உண்டு. யார் உத்தரவும் இல்லாமல் இதை மாற்றிக்கொள்ளலாம். யார் உத்தரவும் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: கொஞ்சம் களிமண், ஒரு சின்னப் பானை, ஒரு பிடி அரிசி போதும். அறைகளைப் பகிர்ந்து கொடுக்கிற அதிகாரத்தைப் பெண் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். நாள் பார்க்க வேண்டாம். தைக்கு ஏறக்குறைய முப்பது நாட்கள் இருக்கின்றன. குழந்தைக்குத் தோதான எந்த நாளும் நல்ல நாள்தான்.